பள்ளி முடிந்த பிறகும் கற்றல்: மாற்றுத்திறனாளிப் பெரியவர்களின் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், பெருமூளை வாதம், பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு என்று ஏதாவது ஒன்றோடு வாழும், 18 வயது தாண்டியவர்களுக்கு வகுப்பு நடத்துவது என் வேலை. அவர்களை அழைத்து வரும் அம்மா, அப்பா, அண்ணன், தங்கை எல்லோரும் பல ஆண்டுகளாக ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளும், சில சட்டென்று முடிந்துவிடும்.

பள்ளிப் பருவம் முடிந்துவிட்டது. இனிமேல் புதிதாக எதையாவது கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். புதிய ஒன்றைப் பழகும்போது மூளையில் நரம்பு செல்களுக்கு இடையிலான இணைப்புகள் மாறுகின்றன. இது எந்த வயதிலும் நடக்கிறது. வயது கூடக் கூட வேகம் குறையலாம், அவ்வளவுதான். அறிவுத்திறன் குறைபாடு உள்ள பலருக்குச் சொல்வளமும் அன்றாட வேலைகளைச் செய்யும் திறனும் இருபதுகளிலும் முப்பதுகளிலும்கூட வளர்ந்துகொண்டே இருக்கின்றன. பத்து வயதில் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்காராதவர், முப்பதில் அரை மணி நேரம் அமர்ந்து ஒரு வேலையை முடிப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

1970களில் அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்றொரு ஆசிரியர் இருந்தார். "இவர்களால் எதுவும் முடியாது" என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக் ஒன்றைப் பொருத்தக் கற்றுக்கொடுத்தார். அதிகம் பேசவில்லை. ஒவ்வொரு பாகத்தையும் சரியாக வைத்தால் எந்தப் பக்கம் நம்மைப் பார்த்திருக்குமோ, அந்தப் பக்கத்தில் சிவப்பு வண்ணம் பூசினார். சிவப்பு தெரிந்தால் சரியாக வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். அவர்கள் கற்றுக்கொண்டார்கள். ஒருவர் கற்கவில்லை என்றால் கற்பிக்கும் முறையை மாற்றிப் பார் என்பதுதான் கோல்ட் விட்டுச்சென்ற பாடம். என் வகுப்பில் ஏதாவது நகராமல் நிற்கும்போதெல்லாம் அந்தச் சிவப்பு வண்ணத்தைத்தான் நினைத்துக்கொள்வேன்.

ஆனால் நம் வீடுகளில் உண்மையில் நடப்பது வேறு. பள்ளி நின்றதும் காலை எழுந்து கிளம்பும் பழக்கம் நிற்கிறது. பேசுவதற்கு வீட்டு ஆட்களைத் தவிர யாரும் இல்லை. இரண்டு வருடம் தொலைக்காட்சியின் முன்னால் கழிகிறது. தெரிந்திருந்ததும் மறந்துபோகிறது. அப்புறம், "பார்த்தீர்களா, இவனுக்கு எதுவும் வராது" என்கிறோம். நாம் கற்பிப்பதை நிறுத்தியதன் விளைவு அது.

"உடம்புக்கு முப்பது வயது, மனசுக்கு ஐந்து வயது" என்று டாக்டர் சொன்னாரே?

"மன வயது" என்பது சில தேர்வுகளில் கிடைக்கும் மதிப்பெண்ணைச் சொல்லும் ஒரு வழி. முப்பது வயது மனிதரின் முழு உருவம் அதில் இல்லை. அவர் முப்பது வருட மழையையும் வெயிலையும் பார்த்திருக்கிறார். நெருங்கியவர்களை இழந்திருக்கிறார். யாராவது தன்னை ஏளனமாகப் பார்த்தால் அவருக்குப் புரியும். காதல் வரும், கோபம் வரும். ஐந்து வயதுக் குழந்தைக்கு இவ்வளவு அனுபவம் இருக்காது.

இந்த ஒரு வாக்கியம் செய்யும் சேதம் பெரியது. அதைக் கேட்ட குடும்பம் முப்பது வயதுக்காரரிடம் பொம்மைப் புத்தகத்தையும் வண்ண மணிகளையும் கொடுக்கிறது. பேச்சும் மாறிவிடுகிறது: "செல்லம் வா, உட்காரு." எங்கள் வகுப்பில் ஒரு விதி உண்டு. எல்லோரும் "வாங்க, உட்காருங்க"தான். முதல் நாள் "நீங்க" என்று கேட்டதும் திரும்பிப் பார்த்தவர்கள் நிறைய பேர். தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டில் நெருக்கமாக "வா, போ" என்று பேசுவது வேறு, அது பாசம். வெளியாட்கள் பேசும்போது வயதுக்குரிய மரியாதை வேண்டும்.

என்ன கற்பிக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது?

அவர்தான். "அவரால் சொல்லத் தெரியாதே" என்றால், சொல்லும் வழியை நாம் தேட வேண்டும்.

இதில் நானே தவறு செய்திருக்கிறேன். ஆரம்ப காலத்தில், வந்தவர்களுக்கெல்லாம் மணி கோப்பதையும் உறை மடிப்பதையும் கற்றுக்கொடுத்தேன். எனக்குத் தெரிந்தது அதுதான். ஒரு பெண் ஆறு மாதம் மணி கோத்தார். ஒருநாள் என் மேசையில் இருந்த கைபேசியை எடுத்து, கேமராவைத் திறந்து, ஜன்னலோரம் நின்ற பூனையைப் படம் எடுத்தார். யாரும் சொல்லித்தரவில்லை. வீட்டில் எல்லோரும் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அன்றோடு மணிகளை எடுத்து வைத்துவிட்டேன். படம் எடுப்பதில் தொடங்கி, படத்தை அனுப்புவது, அனுப்ப வேண்டிய ஆளின் பெயரை அடையாளம் காண்பது என்று அவருடைய எழுத்துப் பாடமே அந்தக் கைபேசி வழியாக நடந்தது.

ஆகவே முதலில் இரண்டு வாரம் கவனியுங்கள். சும்மா இருக்கும்போது கை எதைத் தேடிப் போகிறது? மற்றவர்கள் செய்யும் எந்த வேலையை அருகில் நின்று பார்க்கிறார்? எதை எடுத்துவிடுவார் என்று நாம் ஒளித்து வைக்கிறோம்? கடைசிக் கேள்விக்கான பதிலில்தான் பெரும்பாலும் பாடம் இருக்கிறது.

கேள்வி கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. "இது பிடிக்குமா?" என்றால் பலர் "ஆமா" என்பார்கள், எதைக் கேட்டாலும் "ஆமா"தான். மறுத்தால் திட்டு விழும் என்று வாழ்க்கை பழக்கியிருக்கிறது. இரண்டு பொருளை அல்லது இரண்டு படத்தை முன்னால் வைத்து "எது?" என்று கேளுங்கள். அடுத்த நாள் இடம் மாற்றி வைத்து மறுபடி கேளுங்கள். அதே பதில் வந்தால் அதுதான் விருப்பம்.

ஒரு வேலையை எப்படிக் கற்பிப்பது? சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

சொல்வதைக் குறைப்பதுதான் முதல் படி. உதாரணத்துக்கு ஒருவரின் கதையைச் சொல்கிறேன். வயது 43. அதுவரை எல்லாக் காகிதத்திலும் கட்டைவிரல் ரேகைதான். மையைத் துடைக்கும்போதெல்லாம் முகம் சுருங்கும். கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அவருடைய பெயர் ஐந்து எழுத்து, "ன்" என்று முடியும். பள்ளியில் அவரை முதல் எழுத்திலிருந்து எழுத வைத்திருக்கிறார்கள். முதல் எழுத்தே சிக்கலானது. அதிலேயே தோற்று, பென்சிலைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தவர். நாங்கள் தலைகீழாகத் தொடங்கினோம். பெயர் முழுவதையும் நான் எழுதிவிட்டேன், கடைசி "ன்" மேல் இருக்கும் புள்ளியைத் தவிர. முதல் வாரம் அவருடைய வேலை அந்தப் புள்ளியை வைப்பது மட்டும். தடிமனான மார்க்கர் பேனாவை இறுகப் பிடித்து, மூச்சை நிறுத்திக்கொண்டு வைத்தார். காகிதம் கிழிந்தது. ஆனால் பெயர் முடிந்திருந்தது, முடித்தது அவர். பிறகு "ன" வரைவதும் அவருடைய வேலை ஆனது. பிறகு அதற்கு முந்தைய எழுத்து. இப்படியே பின்னாலிருந்து முன்னால் வந்தோம்.

இதன் பலம் என்னவென்றால், ஒவ்வொரு முறையும் வேலையை முடிக்கும் ஆள் அவர்தான். முன்னாலிருந்து கற்பித்தால் பாதியில் நின்றுபோகும் அனுபவம்தான் தினமும் மிஞ்சும். சட்டைப் பொத்தான், ஷூ லேஸ், படுக்கை விரிப்பது எல்லாவற்றுக்கும் இந்த வழி பொருந்தும். துண்டு மடிப்பதா? முழுக்க மடித்துவிட்டுக் கடைசி மடிப்பை மட்டும் அவரிடம் விடுங்கள்.

வேலையைப் படிகளாகப் பிரிக்கும்போது, நீங்களே அதை ஒருமுறை மெதுவாகச் செய்து, கை செய்வதையெல்லாம் எழுதுங்கள். சலவை இயந்திரத்தை ஓட்டுவது நமக்கு ஒரே வேலை. எழுதிப் பார்த்தால் பன்னிரண்டு, பதினைந்து படி வரும். அவர் தடுக்கி நிற்பது அதில் ஏதோ ஒரு படியில்தான். பெரும்பாலும் நாம் நினைக்காத ஒன்று. மூடியைத் திறக்கும் விசையை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது விரலுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

உதவி செய்வதிலும் ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் காத்திருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நம்மில் பலரால் மூன்றுக்கு மேல் எண்ண முடிவதில்லை, வாய் திறந்துவிடுகிறது. கேட்டதைப் புரிந்துகொண்டு உடலை அசைக்க அவருக்குக் கூடுதல் நேரம் தேவை. நடுவில் நாம் மறுபடி சொன்னால் அவர் மீண்டும் ஆரம்பத்திலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும். அப்படியும் நகரவில்லையென்றால் விரலால் காட்டுங்கள். பிறகு ஒரு சொல். பிறகு நீங்கள் செய்து காட்டுங்கள். கையைப் பிடித்துச் செய்ய வைப்பது கடைசி வழி, அதுவும் அவருடைய சம்மதத்தோடு. இன்று கையைப் பிடித்தீர்கள் என்றால் அடுத்த வாரம் மணிக்கட்டில் தொட்டால் போதும், அதற்கடுத்த வாரம் முழங்கையில். உதவியைக் குறைக்காமல் விட்டால், உங்கள் கை இருந்தால்தான் வேலை நடக்கும் என்பதையே அவர் கற்றுக்கொள்வார்.

நினைவாற்றல் பாதிப்பு உள்ளவர்களிடம் மட்டும் இந்த வரிசையைத் திருப்புங்கள். தப்புச் செய்ய விட்டுத் திருத்தினால் அந்தத் தப்பே மனதில் பதிந்துவிடும். ஆரம்பத்தில் தப்பே வராதபடி முழு உதவி கொடுத்து, மெல்ல மெல்ல விலக வேண்டும்.

நேற்று தெரிந்தது இன்று மறந்துவிடுகிறதே?

எல்லோருக்கும் மறக்கும். 1885-லேயே எர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து எழுதினார். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் பழகுவதைவிட தினமும் பத்து நிமிடம் பழகுவது நிற்கும்.

இன்னொன்று, மறந்துவிட்டார் என்று நாம் நினைப்பது பல நேரம் இடம் மாறியதால் வரும் தடுமாற்றம். வகுப்பில் ஒரு குழாயைத் திறக்கத் தெரிந்தவருக்கு வேறு வகைக் குழாய் புதுப்பொருள். இரண்டு மூன்று இடங்களில், இரண்டு மூன்று ஆட்களோடு பழகினால்தான் அது அவருடையதாகும்.

நன்றாகச் செய்துகொண்டிருந்தவர் சில மாதங்களாகப் பின்னோக்கிப் போகிறார். ஏன்?

இதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். காது அடைத்திருக்கலாம், பார்வை மங்கியிருக்கலாம், பல்வலி இருக்கலாம், சொல்லத் தெரியாமல் இருப்பார். வலிப்பு மருந்தின் அளவு மாறியிருந்தால் தூக்கக் கலக்கம் வரும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைபாடும், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் அதிகம். இரண்டுமே ஆளை மந்தமாக்கும், இரண்டுக்குமே சிகிச்சை உண்டு. மனச்சோர்வும் இவர்களுக்கு வரும். அண்ணன் கல்யாணமாகிப் போனது, பக்கத்து இருக்கை நண்பர் வராமல் போனது போன்றவற்றை நாம் மறந்திருப்போம், அவர் மறந்திருக்க மாட்டார்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு நாற்பதுக்கு மேல் அல்சைமர் என்ற மறதி நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். மூளையில் படியும் அமைலாய்ட் புரதத்தோடு தொடர்புடைய மரபணு 21-ஆவது குரோமோசோமில் இருக்கிறது, அவர்களுக்கு அந்தக் குரோமோசோம் ஒன்று கூடுதல். முப்பது வயதில் என்னென்ன செய்தார் என்று எழுதி வைத்திருந்தால், பின்னால் மருத்துவருக்கு அது பெரிய உதவி. ஒருவேளை அந்த நோய்தான் என்று தெரிந்தாலும் வகுப்பை நிறுத்த வேண்டாம். புதியதைக் குறைத்து, தெரிந்ததைக் காத்துக்கொள்ளும் பாடமாக மாற்றிக்கொள்ளலாம்.

இந்த வயதில் எழுதப் படிக்க வருமா?

பலருக்கு வரும், எல்லோருக்கும் ஒரே அளவில் வராது. அ, ஆ என்று வரிசையாகத் தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை. தன் பெயர், அம்மாவின் பெயர், "ஆண்கள்", "பெண்கள்", "ஆபத்து", "வெளியே" போன்ற சொற்களை முழு உருவமாகவே அடையாளம் காணலாம். பிடித்த பாடகரின் பெயரைக் கைபேசியில் தேடுவதற்காக எழுத்துக் கற்றவர்கள் உண்டு. தேவை இருந்தால் எழுத்து ஒட்டும்.

படிக்கக் கொடுப்பது பெரியவர்களுக்கானதாக இருக்கட்டும். மொழி எளிமையாக இருக்கலாம், விஷயம் குழந்தைத்தனமாக இருக்கக் கூடாது. ஒரு வரியில் ஒரே கருத்து, பெரிய எழுத்து, பக்கத்தில் ஒரு தெளிவான படம். தேர்தல், உடல்நலம், மாதவிடாய், மரணம் என எதையும் இப்படி எழுத முடியும். செய்தித்தாளின் ஒரு செய்தியை நான்கு வரியில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொருவரிடம் சொல்லும்போது குரலே மாறும்.

பேச்சே வராதவருக்கு என்ன கற்பிப்பது?

முதலில் அவருக்கு "வேண்டும்", "வேண்டாம்", "நிறுத்து", "உதவி" என்று சொல்ல ஒரு வழி கொடுங்கள். படங்கள் ஒட்டிய பலகை, சைகை, தொட்டால் குரல் வரும் செயலி, எதுவாக இருந்தாலும் சரி. படப் பலகை கொடுத்தால் வரவிருக்கும் பேச்சும் நின்றுவிடும் என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. சிலருக்கு அதன் பிறகு பேச்சு கொஞ்சம் கூடியும் இருக்கிறது.

பலகையைக் கொடுத்துவிட்டு அலமாரியில் வைப்பதுதான் வழக்கமான தவறு. அது அவருடைய குரல், எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நாமும் பேசும்போது அந்தப் படங்களைத் தொட்டுத் தொட்டுப் பேச வேண்டும். அந்த மொழியை யாரும் பேசாத வீட்டில் அவர் மட்டும் எப்படிப் பழகுவார்? அப்புறம், "வேண்டாம்" என்று அவர் தொட்டால் உண்மையிலேயே நிறுத்துங்கள். ஒருமுறை மீறினாலும் பலகை மேல் நம்பிக்கை போய்விடும்.

பார்வை அல்லது செவித்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு?

அவர்களுக்குக் கற்பதில் சிக்கல் குறைவு, பாடம் அவர்களை வந்து சேர்வதில்தான் சிக்கல். கணினியில் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள்கள் உண்டு. அவற்றில் என்.வி.டி.ஏ. இலவசம், பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் 2006-ல் தொடங்கிய பணி அது. கைபேசிகளில் இதே வேலையைச் செய்யும் டாக்பேக், வாய்ஸ்ஓவர் ஏற்கெனவே இருக்கின்றன, அமைப்புகளில் போய் இயக்கினால் போதும். நடுவயதில் பார்வை இழந்தவர்கள், விரலால் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் புள்ளி எழுத்தைத் தங்களுக்கு எட்டாதது என்று விட்டுவிடுகிறார்கள். வேகமாகப் படிக்க வராவிட்டாலும், மருந்துப் புட்டியில் பெயர் ஒட்டவும், தொலைபேசி எண் குறித்துக்கொள்ளவும் ஆறு புள்ளிகள் போதும். புத்தகங்களை இவர்கள் படிக்கும் வடிவத்துக்கு மாற்றவும், நாடு விட்டு நாடு பகிரவும் பதிப்புரிமை தடையாக இருக்கக் கூடாது என்று 2013-ல் மராகேஷ் உடன்படிக்கை உருவானது.

செவித்திறன் இல்லாதவர்களுக்குச் சைகை மொழி தெரிந்த ஆசிரியரோ மொழிபெயர்ப்பாளரோ வேண்டும். உதட்டசைவைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வார்கள் என்று நம்பாதீர்கள். பல ஒலிகள் உதட்டில் ஒரே மாதிரிதான் தெரியும்.

எங்கள் வகுப்பில் இப்படி ஒருவர் சேர விரும்புகிறார். எங்களுக்குச் சிறப்புப் பயிற்சி எதுவும் இல்லை. என்ன செய்வது?

ஓவியமோ, தையலோ, கணினியோ, எந்த வகுப்பாக இருந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட வந்தவரிடம் பேசாமல் அவரிடமே பேசுங்கள். "உங்களுக்கு எது உதவும், எது தொந்தரவு?" என்று கேளுங்கள். ஆட்டிசம் உள்ளவருக்கு மினுக்கும் விளக்கும் இரைச்சலிடும் மின்விசிறியும் தாங்க முடியாமல் இருக்கலாம். இன்று என்ன நடக்கும் என்ற வரிசை பலகையில் எழுதியிருந்தால் பாதிப் பதற்றம் போய்விடும். நடுவில் எழுந்து போய்வர அனுமதி கொடுங்கள். உங்கள் கண்ணைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கு வாசல்படியும் கழிப்பறைக் கதவும் வகுப்பைவிட முக்கியம், முதல் நாளுக்கு முன்பே அளந்து பாருங்கள்.

இவ்வளவும் செய்தால் மற்ற மாணவர்களுக்கும் வகுப்பு நன்றாகப் புரியும். இது என் அனுபவம்.

தனியாக வெளியே விடப் பயமாக இருக்கிறது. ஏதாவது ஆகிவிட்டால்?

அந்தப் பயம் நியாயமானது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1972-லேயே ராபர்ட் பெர்ஸ்கி என்ற அமெரிக்க எழுத்தாளர் இதைப் பற்றி எழுதினார்: எந்த ஆபத்தும் அண்டாமல் ஒருவரைப் பொத்திப் பொத்திக் காப்பதே அவருடைய மனித மரியாதையைக் குறைக்கிறது, நியாயமான அளவு ஆபத்தைச் சந்திக்க அவருக்கும் உரிமை உண்டு என்று.

பேருந்தில் தனியாகப் போகக் கற்றுக்கொண்ட ஒருவருக்கு நாங்கள் செய்தது இது. முதலில் ஒரு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். பிறகு இரண்டு இருக்கை பின்னால். பிறகு பேருந்தின் கடைசியில். பிறகு அவர் ஏறியதும் நான் வேறு வண்டியில் பின்தொடர்ந்தேன். தவறான நிறுத்தத்தில் இறங்கினால் என்ன செய்வது என்பதை வேண்டுமென்றே தவறாக இறங்கிப் பழகினோம், நான்கு முறை. ஐந்தாவது முறை உண்மையாகவே தவறி இறங்கினார். நின்றார், கைபேசியை எடுத்தார், என்னை அழைத்து எதிரே தெரியும் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து அனுப்பினார். அன்று நான் பட்ட பதற்றத்தில் பாதிகூட அவருக்கு இல்லை.

கைபேசியும் வெளியுலகம்தான். கடவுச்சொல்லையும் ரகசிய எண்ணையும் யாருக்கும் சொல்லக் கூடாது, முகம் தெரியாதவர் படம் கேட்டால் மறுக்க வேண்டும் என்பதையெல்லாம் நடித்துக் காட்டிப் பழக்குங்கள். தன் உடலின் பாகங்களுக்குச் சரியான பெயர், யார் தொடலாம், யார் தொடக் கூடாது, மறுப்பது எப்படி என்பதும் இந்தப் பாடத்தில் சேரும். வெட்கப்பட்டு இதை விட்டுவிடும் வீடுகள்தான் அதிகம். தெரியாமல் இருப்பது அவர்களைப் பாதுகாக்காது.

கற்பதால் வேலை கிடைக்குமா? கிடைக்காவிட்டால் எதற்கு?

சிலருக்குக் கிடைக்கும். ஸ்பெயினைச் சேர்ந்த பாப்லோ பினேடா, டவுன் சிண்ட்ரோம் உள்ளவர், பல்கலைக்கழகப் பட்டமே பெற்றார். அவருடைய கதை நம்பிக்கை தரும், ஆனால் எல்லோரையும் அந்த அளவுகோலால் அளக்க வேண்டாம். சம்பளத்தை எதிர்பார்க்காமலே நாமும் பாட்டுக் கேட்கிறோம், தோட்டம் போடுகிறோம், புது மொழி பழகுகிறோம். அவர்களுக்கு மட்டும் எல்லாம் சம்பளத்தில் முடிய வேண்டும் என்று ஏன் கேட்கிறோம்? மிருதங்கம் வாசிக்கக் கற்ற ஒருவர் மேடை ஏறாமலே இருக்கலாம். சாயங்காலம் அவருக்கென்று ஒரு மணி நேரம் இருக்கிறது. அது பெரிய விஷயம்.

இந்தக் கல்வியைக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறதா, இல்லை யாராவது மனமிரங்கிச் செய்ய வேண்டுமா?

உரிமை இருக்கிறது. 2006-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் 24-ஆவது பிரிவு கல்வி பற்றியது. உயர்கல்வி, தொழிற்பயிற்சி, வயதுவந்தோர் கல்வி, வாழ்நாள் கற்றல் எல்லாம் பாகுபாடு இல்லாமல், தேவையான மாற்றங்களோடு கிடைக்க வேண்டும் என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இதை ஏற்றிருக்கின்றன. ஒரு நிறுவனத்திடம் எழுதிக் கேட்கும்போது இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஏறக்குறைய 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க குறைபாட்டோடு வாழ்கிறார்கள். இது ஏதோ நான்கு குடும்பத்தின் பிரச்சினை இல்லை.

எங்களுக்கு வயதாகிறது. எங்களுக்குப் பிறகு?

இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை. வகுப்பு முடிந்து, மற்றவர்கள் போன பிறகு, வாசலில் நின்று மெதுவாகக் கேட்பார்கள்.

நான் சொல்வது இதுதான். அவருடைய உடம்போடு தொடர்புடையதை முதலில் கற்பியுங்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை, மாதவிடாய்ப் பராமரிப்பு, தன் மருந்தை அடையாளம் காண்பது. இவற்றில் எவ்வளவு தானாகச் செய்கிறாரோ, அவ்வளவு குறைவாகத்தான் பிறர் கை அவர் உடம்பில் பட வேண்டியிருக்கும். அடுத்து, உங்களைத் தவிர இரண்டு பேரிடம் அவர் பழக வேண்டும். அம்மா கையால்தான், அம்மா சொன்னால்தான் என்று இருப்பது இன்று இனிமையாக இருக்கலாம், நாளை அவருக்கு அது தண்டனையாகிவிடும்.

ஒரு நோட்டுப் புத்தகமும் போடுங்கள். எதற்குச் சிரிப்பார், எதற்குப் பயப்படுவார், காதைப் பொத்தினால் என்ன அர்த்தம், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் வரும். உங்களுக்கு மட்டும் தெரிந்தவை இவை. அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து எழுதுங்கள், படங்களை அவரே ஒட்டட்டும்.

உடன்பிறந்தவர்களிடம் "நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று மொத்தமாகக் கையில் கொடுப்பதைவிட, என்ன செய்ய அவர்களால் முடியும் என்று இப்போதே உட்கார்ந்து பேசுங்கள்.

வேண்டாம் என்று மறுக்கிறார். வற்புறுத்தலாமா?

கூடாது. ஏன் மறுக்கிறார் என்று பாருங்கள். கடினமாக இருக்கிறதா, அலுப்பா, வலியா, சொல்லித்தருபவரைப் பிடிக்கவில்லையா? பாடத்தை மாற்றலாம், நேரத்தை மாற்றலாம், ஆளையே மாற்றலாம். ஒரு மாதம் விட்டுவிட்டு மறுபடி கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லத் தெரிவதும் அவர் கற்றுக்கொண்ட ஒன்றுதான்.

எவ்வளவு நாளாகும்? முன்னேறுகிறார் என்று எப்படித் தெரியும்?

தேதி போட்டு, எத்தனை படிகளை உதவியில்லாமல் செய்தார் என்று ஒரு எண் மட்டும் எழுதுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு எதுவும் தெரியாது, மூன்று மாதம் கழித்துப் புரட்டினால் தெரியும். மற்றவரோடு ஒப்பிட வேண்டாம், போன மாதத்து அவரோடு ஒப்பிடுங்கள்.

கையெழுத்துக் கற்றவருக்குப் பதினொரு மாதம் ஆனது. நடுவில் இரண்டு மாதம் ஒரே எழுத்தில் நின்றோம். அதன் சுழி அவர் கைக்கு வரவேயில்லை. கடைசியில் மணல் பரப்பிய தட்டில் விரலால் போட்டுப் பழகிய பிறகு வந்தது. முதல் முறையாக ஒரு படிவத்தில் கையெழுத்திட்டபோது, கோட்டுக்குள் அடங்காமல் பக்கத்துக் கட்டத்துக்கும் போய்விட்டது. வாங்கியவர் ஒன்றும் சொல்லாமல் முத்திரை குத்தினார். வெளியே வந்ததும், அடுத்து என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். அம்மா பெயர் என்றார்.

அது ஏழு எழுத்து. பின்னாலிருந்து நான்காவதில் இருக்கிறோம்.